வசிட்டரும் அருந்ததியும்: விண்மீன்கள் இரண்டா, நான்கா, ஆறா?

கேள்வி: புதுநோக்கர்

அனைவருக்கும் வணக்கம். சப்தரிஷி மண்டலத்தின் வால்பகுதியில் நடுவே இருக்கும் வசிட்டரையும், அதை ஒட்டி மங்கலாகத் தெரியும் அருந்ததியையும் பற்றி ஒரு ஐயம். பன்னாட்டுப் பெயர்களில் சொன்னால் இவை மைசார், ஆல்கோர். கண்ணாடி அணிந்துகொண்டால் வெறுங்கண்ணுக்கே இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்கு ஒன்றுதான் தெரியும்.

சென்ற வாரம் 70 மி.மீ. தொலைநோக்கியில் முதன்முறையாக இவற்றைப் பார்த்தேன். 28 மடங்கு உருப்பெருக்கத்தில் மைசாருக்கு ஒரு பக்கம் சிறு புடைப்பு இருப்பது போலத் தோன்றியது. 70 மடங்குக்கு மாற்றியதும் அது இரண்டு விண்மீன்களாகத் தெளிவாகப் பிரிந்துவிட்டது. அதே காட்சிப் புலத்திலேயே ஆல்கோரும் இருந்தது. மைசாரின் சிறிய துணையும் ஆல்கோரும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியுடன் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. அத்துடன் மைசாருக்கும் ஆல்கோருக்கும் சற்று விலகி, இரண்டோடும் சேர்ந்து ஒரு தட்டையான முக்கோணம் அமையும்படி, மிக மங்கலான இன்னொரு புள்ளியும் இருந்தது. ஆக நான் எண்ணியவை நான்கு.

என்னிடம் உள்ள பழைய வானியல் நூல் இதனை ‘இரட்டை விண்மீன்’ என்கிறது. வேறொரு நூலில் நான்கு என்று இருக்கிறது. கைப்பேசிச் செயலியோ ஆறு விண்மீன்கள் கொண்ட தொகுதி என்கிறது. இவற்றில் எது சரி? நான் கண்ட அந்த மங்கலான புள்ளி ஆறில் ஒன்றா? இவை உண்மையிலேயே ஒன்றையொன்று ஈர்ப்பால் பிணைத்துக்கொண்டு சுற்றுகின்றனவா, அல்லது நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக அருகருகே தெரிகின்றனவா? விளக்கம் தெரிந்தவர்கள் பொறுமையுடன் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: நிறமாலைநேசன்

வணக்கம் நண்பரே. 70 மி.மீ. கருவியில் இவ்வளவு கவனித்திருப்பது நல்ல தொடக்கம். உங்கள் நூல்கள் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் எந்தக் கருவியின் காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு எழுதப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

முதலில் அந்த மங்கலான புள்ளியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அது இவற்றுக்குப் பின்னால் வெகு தொலைவில் இருக்கும், எட்டாம் பருமன் (ஒளியின் அளவு; எண் கூடக்கூட மங்கல்) அளவிலான ஒரு விண்மீன்; இந்தக் குடும்பத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. 1722ஆம் ஆண்டில் யோகான் கியார்க் லீப்க்நெக்ட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, தாம் ஒரு புதிய கோளைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, தம் நாட்டு ஆட்சியாளரின் பெயரால் ‘லுட்விக்கின் விண்மீன்’ என்று பெயரும் சூட்டினார். கோள் பொய்யாகிப் போனாலும் பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஆகவே நீங்கள் பேராசிரியரின் பிழையைத் திரும்பச் செய்துவிட்டீர்களே என்று வருந்த வேண்டாம். நீங்கள் அதற்குக் கோள் என்று பெயர் வைக்கவில்லை.

இனி உறவுக்காரர்களுக்கு வருவோம். ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பகுக்கிறோம். வெறுங்கண்ணில் பிரியும் மைசார்–ஆல்கோர் இடைவெளி ஏறத்தாழ 12 கலை. முழுநிலவின் அகலத்தில் இது ஐந்தில் இரண்டு பங்கு. நலமான கண் ஒரு கலை அளவு இடைவெளியையே பிரித்தறியும் என்பதால், இதைக் கூர்மையான பார்வைக்குச் சோதனை என்று பெரிதாகச் சொல்வது சற்று மிகைதான். இரண்டாம் பருமன் மைசாரின் பக்கத்தில் நான்காம் பருமன் ஆல்கோர் மங்கித் தெரிவதுதான் சிக்கல், இடைவெளி அன்று. தொலைநோக்கியில் நீங்கள் பிரித்த மைசார் ஏ, மைசார் பி ஆகியவற்றின் இடைவெளி 14 விகலைக்குச் சற்று மேல். பி விண்மீனின் பருமனும் ஆல்கோரின் பருமனும் நான்கை ஒட்டியே இருப்பதால் அவை ஒரே ஒளியுடன் தெரிந்தன என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான கவனிப்பு. வெறுங்கண்ணில் ஆல்கோர் தெரிந்து பி தெரியாமல் போவதற்குக் காரணம் அதன் மங்கல் அன்று, ஏ விண்மீனின் ஒளியில் அது மறைந்திருப்பதே.

எந்தத் தொலைநோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் மைசார் ஏ உங்களுக்கு ஒற்றைப் புள்ளியாகவே தெரியும். ஆனால் அது ஒன்று அன்று, இரண்டு. இதை முதலில் காட்டியது நிறமாலை, அதாவது விண்மீனின் ஒளியை நிறங்களாக விரித்தால் கிடைக்கும் பட்டை. 1880களின் இறுதியில் ஹார்வர்டு வானாய்வகத்தில் எடுத்த ஒளிப்படத் தகடுகளில், அந்தப் பட்டையில் கால்சியத்தால் உண்டாகும் ‘கே’ என்ற இருண்ட கோடு சில இரவுகளில் ஒற்றைக் கோடாகவும், சில இரவுகளில் மெல்லிய இரண்டு கோடுகளாகப் பிளந்தும் காணப்பட்டது. ஒரே இடத்தில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நம்மை நோக்கி வரும்போது அதன் கோடு நீலப் பக்கம் நகரும். அதே நேரத்தில் விலகிச் செல்லும் மற்றொன்றின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். ஆகவே கோடு இரண்டாகத் தெரியும். இரண்டும் நம் பார்வைக்குக் குறுக்காக நகரும் நாட்களில் கோடுகள் மீண்டும் ஒன்றாகிவிடும். அந்த வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் 1889இல் இதனை அறிவித்தார். தகடுகளை ஆராய்ந்து அளந்த உழைப்பில் அங்கே பணியாற்றிய அந்தோனியா மவுரிக்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணால் பிரிக்க முடியாத இரட்டையை நிறமாலை பிரித்துக் காட்டியது வானியலில் அதுவே முதல் முறை.

தொடக்கத்தில் இந்த இணையின் சுற்றுக்காலத்தை 104 நாட்கள் என்று தவறாகக் கணித்திருந்தனர். பாதை வட்டமாக இல்லாமல் நன்கு நீண்ட நீள்வட்டமாக இருந்ததால், கோடுகள் பிளக்கும் நாட்கள் சீரான இடைவெளியில் அமையவில்லை. பின்னர் 1901இல் ஜெர்மானிய வானியலாளர் ஹெர்மான் ஃபோகல் அதை ஏறத்தாழ 20½ நாட்கள் என்று திருத்தினார். இன்றைய மதிப்பும் அதுவே. இவ்விரண்டுக்கும் சராசரி இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவில் கால் பங்குதான். ஒவ்வொன்றும் சூரியனைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிறையுடையது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 83 ஒளியாண்டுத் தொலைவில் இந்த இடைவெளி ஒரு விகலையில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 1990களில் ஒளியியல் குறுக்கீட்டுமானியைக் (விலகி நிற்கும் கண்ணாடிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து நுண்ணிய இடைவெளியை அளக்கும் கருவி) கொண்டு இந்தப் புள்ளியைப் பிரித்து, இரண்டு விண்மீன்களும் நாளுக்கு நாள் இடம் மாறுவதை உருவமாகவே காட்டினார்கள்.

மைசார் பி விண்மீனும் இரட்டைதான் என்பது 1908இல் நிறமாலை வழியாகவே தெரியவந்தது. அங்கே ஒரு விண்மீனின் கோடுகள் மட்டுமே தெரிகின்றன. அவை ஏறத்தாழ 175 நாட்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஊசலாடுவதால், நம் பார்வைக்கு எட்டாத ஒரு சிறிய துணை அதை இழுக்கிறது என்று அறிகிறோம். ஆக மைசார் மட்டுமே நான்கு. உங்கள் இரண்டாவது நூலின் கணக்கு இதுதான்.

எஞ்சிய இரண்டும் ஆல்கோரில் உள்ளன. 2009இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, வளிமண்டலக் கலக்கத்தை உடனுக்குடன் திருத்தும் தகவமை ஒளியியல் கருவிகளைக் கொண்டு, ஆல்கோரிலிருந்து ஒரு விகலைத் தொலைவில் ஒரு சிவப்புக் குறுமீனை, அதாவது சிறிய, மங்கலான விண்மீனைக் கண்டறிந்தன. சூரியனின் நிறையில் அது கால் பங்குதான் இருக்கும். அதற்கு முன்பே ஆல்கோரின் திசையிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவது பதிவாகியிருந்தது. ஆல்கோரைப் போன்ற வெப்பமான வெள்ளை விண்மீன்களிடம் இதைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. குறுமீன்களுக்கோ அது இயல்பு. ஆகவே துணையைக் கண்டதும் அந்தப் புதிரும் அவிழ்ந்தது. செயலி சொல்லும் ஆறு இப்படித்தான் வருகிறது.

மறுமொழி 2: ஐயம்தீரான்

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் தெளிவானது, நன்றி. ஆனால் கேள்வியின் கடைசிப் பகுதி, அதாவது இவை ஈர்ப்பால் பிணைந்தவையா என்பது, இன்னும் விடையின்றி நிற்கிறது. அந்த ஒன்றில்தான் எனக்கு ஆறு என்ற எண்ணை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடத் தயக்கம்.

மைசாரின் நான்கைப் பற்றி ஐயமே இல்லை. ஏ, பி ஆகிய இரண்டு இணைகளுக்கும் இடையில் பூமி–சூரியன் தொலைவைப் போல ஏறத்தாழ 370 மடங்கு இடைவெளி தெரிகிறது. இவ்வளவு தொலைவில் ஒருமுறை சுற்றிவரச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்பதால், தொலைநோக்கியில் பார்க்கத் தொடங்கிய நான்கு நூற்றாண்டுகளில் அவற்றின் நிலை சிறிதளவே மாறியிருக்கிறது. இருந்தாலும் பிணைப்பு உறுதியானது. ஆல்கோரும் அதன் குறுமீனும் பிணைந்தவை என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

கேள்வி, நால்வர் குடும்பத்துக்கும் இருவர் குடும்பத்துக்கும் இடையிலான உறவைப் பற்றியது. வானத்தில் தெரியும் 12 கலை இடைவெளியை 83 ஒளியாண்டுத் தொலைவில் வைத்துக் கணக்கிட்டால், பூமி–சூரியன் தொலைவைப் போல குறைந்தது 18,000 மடங்கு கிடைக்கிறது. ஒன்று நமக்குச் சற்று முன்னேயும் மற்றது பின்னேயும் இருந்தால் உண்மையான இடைவெளி இதைவிடக் கூடும். 2009ஆம் ஆண்டு ஆய்வை ஒட்டி வெளியான மதிப்பீடு 74,000 மடங்கு என்கிறது. ஒரு ஒளியாண்டுக்கும் சற்று அதிகமான தொலைவு அது. பிழை வரம்போ அந்த எண்ணிலேயே பாதிக்கு மேல். அவ்வளவு தொலைவில் ஒரு பொருளைப் பிடித்துவைத்திருக்கும் ஈர்ப்பு மிக மெல்லியது. எல்லா விண்மீன்களின் நிறையையும் சேர்த்துச் சூரியனைப் போல ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், சுற்றும் வேகம் நொடிக்குச் சில நூறு மீட்டரைத் தாண்டாது. ஒரு சுற்றுக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். ஒன்றைவிட மற்றொன்று இதைக் காட்டிலும் சற்று வேகமாகச் சென்றால் போதும், பிணைப்பு இல்லை என்றாகிவிடும். இத்தனை நுண்ணிய வேக வேறுபாட்டை அளக்க வேண்டுமானால், மைசாரின் நான்கு விண்மீன்களும் தமக்குள் சுற்றிக்கொள்ளும் வேகங்கள் அனைத்தையும் முதலில் கழித்து, அவற்றின் பொதுவான நிறை மையம் எப்படி நகர்கிறது என்று கண்டறிய வேண்டும். சந்தையின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் மூச்சுவிடும் ஓசையை அளப்பதைப் போன்ற வேலை அது.

இன்னொன்றும் இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களில் இரு முனைகளில் உள்ள இரண்டைத் தவிர மற்ற ஐந்தும் வானத்தில் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன. ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்டு பிராக்டர் 1869லேயே இதைக் கவனித்து எழுதினார். அந்த ஐந்தோடு ஆல்கோரும் சேர்ந்தே பயணிக்கிறது. இவை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரே வாயு மேகத்தில் பிறந்து, இப்போது மெல்லக் கலைந்துகொண்டிருக்கும் கூட்டம் என்று கருதப்படுகிறது. அப்படியானால் மைசாரும் ஆல்கோரும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போவது மட்டுமே அவை பிணைந்தவை என்பதற்குச் சான்றாகாது. ஒரே ஊர்வலத்தில் அடுத்தடுத்து நடப்பவர்கள் எல்லோரும் கைகோத்திருப்பதாகச் சொல்லிவிட முடியாது அல்லவா?

பிணைப்பு இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. கூட்டத்தின் மற்ற உறுப்பினர்களைவிட இவை இவ்வளவு நெருக்கமாக இருப்பது அதற்குச் சார்பான வலுவான வாதம். ஆனால் என்னைக் கேட்டால், ‘நான்கும் இரண்டும்’ என்று எழுதுவதுதான் நேர்மையான கணக்கு.

கேட்டவரின் மறுமொழி: புதுநோக்கர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். அந்த லுட்விக்கின் விண்மீனை இம்முறை அடையாளம் கண்டுகொண்டு, குறிப்பேட்டில் நான்கு என்று எழுதியிருந்ததை அடித்து மூன்று என்று மாற்றினேன். மைசார் ஏ விண்மீனை எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒரு புள்ளிதான். ஆயினும் அதற்குள் இரண்டு விண்மீன்கள் 20 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன என்று தெரிந்த பிறகு பார்ப்பது வேறு விதமாகத்தான் இருந்தது.

ஒரு சிறு கேள்வி எஞ்சியிருக்கிறது. மைசாரைத் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரித்துப் பார்த்த முதல் மனிதர் 1650இல் இத்தாலிய வானியலாளர் ரிச்சியோலி என்று என் பழைய நூலில் இருக்கிறது. கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரா இவ்வளவு எளிதான இரட்டையைக் கண்டார்கள்? நானே முதல் இரவில் பிரித்துவிட்டேனே!

மறுமொழி 3: பழங்குறிப்பு

உங்கள் ஐயம் நியாயமானது. ரிச்சியோலியின் பெயர் நூல் நூலாகப் படியெடுக்கப்பட்டு வந்த ஒரு தவறு. கலிலியோவின் மாணவரும் நண்பருமான பெனடெட்டோ காஸ்டெல்லி, மைசார் இரட்டையாகத் தெரிவதைக் கண்டு, 1617 ஜனவரியில் கலிலியோவுக்குக் கடிதம் எழுதி அதைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். கலிலியோவும் அதே மாதத்தில் பார்த்து அளவெடுத்து வைத்த குறிப்பு அவருடைய தாள்களில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி 15 விகலை என்று குறித்திருக்கிறார். இன்றைய அளவு 14 விகலைக்குச் சற்று மேல் என்று முதல் மறுமொழியில் படித்தீர்கள். 400 ஆண்டுகளுக்கு முந்தைய கருவியில் அப்படி அளந்தார் என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை.

அவர்கள் இருவரும் இந்த இரட்டையைத் தேடியதற்கு ஒரு நோக்கம் இருந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால், அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ள விண்மீனுக்கு எதிராக ஆண்டு முழுவதும் சற்றே இடம் மாறித் தோன்ற வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது பக்கத்து மரம் தூரத்து மலையைக் கடந்து செல்வதைப் போன்றதுதான் இது. இதனை இடமாறு தோற்றம் என்கிறோம். ஒளிமிக்க ஒன்றும் மங்கிய ஒன்றும் ஒட்டியிருந்தால், ஒளிமிக்கது அருகிலும் மங்கியது தொலைவிலும் இருப்பதாகக் கொண்டு, இடைவெளி மாறுகிறதா என்று பார்த்துவிடலாம் என்பது திட்டம்.

கணக்கை அவருடைய வழியிலேயே போட்டுப் பாருங்கள். தம் கருவியில் பெரிய விண்மீன் 3 விகலை ஆரமுடைய சிறு வட்டாகவும், சிறியது 2 விகலை ஆரமுடைய வட்டாகவும் தெரிவதாகக் குறித்தார். அந்த வட்டுகள் ஒளி கருவிக்குள் விரிவதால் உண்டாகும் தோற்றமே தவிர விண்மீனின் உண்மையான உருவம் அன்று. அதை அக்காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. சூரியனின் ஆரம் ஏறத்தாழ 900 விகலை. ஆகவே விண்மீனும் சூரியனளவே என்று கொண்டால், பெரியது சூரியனைவிட 300 மடங்கு தொலைவிலும், சிறியது 450 மடங்கு தொலைவிலும் இருக்க வேண்டும். அது உண்மையானால், பூமி தன் பாதையின் மறுபக்கத்துக்குப் போகும் ஆறு மாதத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஏழு கலைக்கு மேல் விலகியிருக்க வேண்டும். கவனியுங்கள், 15 விகலை இடைவெளியில் ஏழு கலை நகர்வு! சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்றும் அசையவில்லை. உண்மையான தொலைவு 300 மடங்கு அன்று, ஏறத்தாழ 52 லட்சம் மடங்கு. அத்துடன் இரண்டு விண்மீன்களும் ஒரே தொலைவில் இருப்பதால் ஒன்றுக்கெதிராக மற்றொன்று நகர வழியும் இல்லை. கலிலியோ தம் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கக்கூடிய இணைகளிலேயே பயன்படாத ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

இதைச் சொல்லும்போது ஆல்கோரின் குறுமீனைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 2009இல் அதைக் கண்ட குழுக்களில் ஒன்று, அது ஆல்கோரின் துணையா, அல்லது லுட்விக்கின் விண்மீனைப் போலப் பின்னணியில் இருப்பதா என்று முடிவுசெய்யப் பயன்படுத்தியது இதே இடமாறு தோற்றத்தைத்தான். ஆல்கோர் ஆண்டுதோறும் ஒரு விகலையில் 25இல் ஒரு பங்கு அளவே அரை அச்சுள்ள நுண்ணிய நீள்வட்டம் ஒன்றை வானில் வரைகிறது. பின்னால் வெகு தொலைவில் இருக்கும் விண்மீன் அப்படி அசையாது. சில மாத இடைவெளியில் எடுத்த படங்களில், ஆல்கோர் நகர்ந்த அளவுக்கே அந்தக் குறுமீனும் சேர்ந்து நகர்ந்திருந்தது. கலிலியோ அசைவைத் தேடி ஏமாந்தார்; இவர்கள் இரண்டும் சேர்ந்து அசைவதைக் கண்டு உறுதிசெய்தார்கள். அதுவும் காஸ்டெல்லி சுட்டிக்காட்டிய விண்மீனுக்கு 12 கலை பக்கத்திலேயே.

ஐயம்தீரான் அவர்களுக்கு ஒரு சிறு மறுப்பு. ‘நான்கும் இரண்டும்’ என்பதை ஏற்கிறேன். ஆனால் குறைந்தபட்ச இடைவெளியான 18,000 மடங்கை எடுத்துக்கொண்டால் பிணைப்பு நீங்கள் சொல்லும் அளவுக்கு மெல்லியதாக இருக்காது. அங்கே சுற்றும் வேகமும் இரு மடங்காகக் கூடிவிடும். 74,000 என்ற மதிப்பின் பிழை வரம்பு அவ்வளவு பெரிது என்று நீங்களே எழுதியிருப்பதால், இரண்டு பக்கமும் அதே தயக்கத்தோடு பேசுவதுதான் பொருந்தும்.

புதுநோக்கர் அவர்களே, உங்கள் நூலின் ஓரத்தில் ரிச்சியோலி 1650 என்பதை அடித்து, காஸ்டெல்லி 1617 என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது, முடிந்தால், ஏ விண்மீனிலிருந்து பி எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் ஒரு சிறு படமாக வரைந்து நாளுடன் குறித்து வையுங்கள். உங்கள் கருவி காட்சியைத் தலைகீழாக்குகிறதா, இடவலமாக மாற்றுகிறதா என்பதையும் மறவாமல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.